காகங்கள் விழுந்த கோடை: நியூயார்க் 1999, ஒரு நிகழ்வு ஆய்வு

1999ஆம் ஆண்டு ஆகஸ்டில் நியூயார்க் நகரின் ஒரு மூலையில் முதியவர்கள் சிலர் காய்ச்சலும் குழப்பமும் கைகால் தளர்ச்சியுமாக மருத்துவமனையில் சேர்ந்தார்கள். செய்தி சுகாதாரத் துறைக்கு எட்டிய பதினோரு நாட்களில் நோய்க்கு ஒரு பெயர் கிடைத்தது. அது தவறான பெயர். சரியான பெயர் கிடைக்க மேலும் மூன்று வாரங்கள் ஆயின. அதைக் கண்டறிய வழிகாட்டியவை இறந்த பறவைகள். அந்த ஐந்து வாரங்களில் யார் எதைப் பார்த்தார்கள், எதை வைத்து எந்த முடிவை எடுத்தார்கள், எது கண்ணில் பட்டும் கருத்தில் படாமல் போனது என்பதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். நோயாளிகள், மருத்துவர்கள், அதிகாரிகள் எவர் பெயரையும் குறிப்பிடவில்லை. அவர்களில் பெரும்பாலோர் தத்தம் வேலையை நன்றாகவே செய்தவர்கள். குறை இருந்தது ஒருவர் வேலைக்கும் இன்னொருவர் வேலைக்கும் நடுவில்.

பின்னணி

நியூயார்க்கின் ஐந்து பெரும்பகுதிகளில் ஒன்று குயின்ஸ். அதன் வடபகுதியில் வானளாவிய கட்டடங்கள் குறைவு. வீட்டுக்குப் பின்னால் சிறு தோட்டம், மாலையில் உட்கார ஒரு திண்ணை, சில வீடுகளில் நீச்சல் தொட்டி என்று புறநகரின் சாயல் கொண்ட பகுதி அது. அந்த ஆண்டு ஜூலையில் நகரத்தில் வெயில் வாட்டியது, மழையும் பொய்த்தது.

மழை இல்லையென்றால் கொசுவும் இருக்காது என்று நாம் எண்ணுவோம். கியூலெக்ஸ் பிப்பியன்ஸ் என்னும் கொசு அந்தக் கணக்கில் அடங்காது. அது முட்டையிடத் தேடுவது தெளிந்த மழைநீரை அல்ல, இலைதழை அழுகித் தேங்கிய சாக்கடை நீரை. நல்ல மழை பெய்தால் தெருவோர வடிகால் தொட்டிகள் அலசப்பட்டுக் கொசுப்புழுக்களும் அடித்துச் செல்லப்படும். மழை பெய்யாவிட்டால் அந்த நீர் அங்கேயே கிடந்து கெட்டியாகும், புழுக்கள் பெருகும். பறவைகளும் தண்ணீர் எஞ்சியுள்ள சில இடங்களிலேயே கூடும். கொசுவும் பறவையும் ஒரே இடத்தில் நெருங்கும் கோடைதான் பறவைகளிடையே பரவும் வைரஸ்களுக்கு ஏற்ற காலம்.

அப்போது நியூயார்க் நகரத்தில் கொசுக்களைத் தொடர்ந்து கண்காணிக்கும் திட்டம் எதுவும் இல்லை. எந்தப் பகுதியில் என்ன வகைக் கொசு எவ்வளவு இருக்கிறது, அவற்றின் உடலில் வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஆளும் இல்லை, பொறியும் இல்லை. பல பத்தாண்டுகளாகக் கொசுவால் பெரிய நோய் எதுவும் வராத ஊரில் அந்தச் செலவு தேவையற்றதாகத் தெரிந்திருக்கும்.

இந்த நிகழ்வின் மையத்தில் இருக்கும் வெஸ்ட் நைல் வைரஸ் 1937இல் உகாண்டாவின் வெஸ்ட் நைல் மாவட்டத்தில் காய்ச்சல் கண்ட ஒரு பெண்ணின் இரத்தத்திலிருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. பறவையிலிருந்து கொசுவுக்கும், கொசுவிலிருந்து பறவைக்கும் சுற்றிக்கொண்டிருப்பது அதன் இயல்பு. அந்தக் கொசு மனிதரையோ குதிரையையோ கடித்தால் அவர்களுக்கும் தொற்றும். ஆனால் அவர்களின் இரத்தத்தில் வைரஸ் அடுத்த கொசுவுக்குப் போதுமான அளவு பெருகாது. வைரஸின் பயணம் அங்கே முடிந்துவிடும், நோய் மட்டும் மிஞ்சும். ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா, தெற்கு ஐரோப்பா, இந்தியா ஆகிய நிலப்பரப்புகளில் அது இருப்பது பல ஆண்டுகளாகத் தெரியும். மேற்கு அரைக்கோளத்தில் அது அதுவரை ஒருமுறைகூடக் காணப்பட்டதில்லை.

இதோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1996இல் ருமேனியத் தலைநகர் புகாரெஸ்டில் இதே வைரஸ் ஏறத்தாழ 400 பேரை மூளைக்காய்ச்சலுடன் மருத்துவமனைக்கு அனுப்பியது. அங்கும் பரப்பியது கியூலெக்ஸ் பிப்பியன்ஸ்தான். அடித்தளங்களில் நீர் தேங்கிய குடியிருப்புகளில் வசித்தவர்களுக்கு ஆபத்து அதிகம் என்பதும் தெரியவந்தது. ஒரு பெருநகரத்தின் நடுவே முதியவர்களைத் தாக்கக்கூடிய வைரஸ் இது என்ற செய்தி நியூயார்க்குக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே மருத்துவ உலகில் இருந்தது.

ஆகஸ்ட் 23: ஒரு தொலைபேசி அழைப்பு

வடக்குக் குயின்ஸின் ஒரு மருத்துவமனையில் தொற்றுநோய் மருத்துவர் ஒருவர் ஆகஸ்ட் நடுவில் இரண்டு நோயாளிகளைப் பார்த்தார். இருவரும் வயதானவர்கள். இருவருக்கும் காய்ச்சலோடு தொடங்கி, நினைவு குழம்பி, பிறகு தசைகள் வலுவிழந்தன. மூளைக்காய்ச்சலில் குழப்பம் வருவது எதிர்பார்க்கக்கூடியது. கைகால் துவண்டு மூச்சுத் தசைகள் வரை தளர்வது வழக்கமானதல்ல. நரம்புகளைத் தாக்கும் கில்லன் பாரே நோயோ என்ற ஐயமும் எழுந்தது. ஆனால் தண்டுவட நீரில் தெரிந்த மாற்றங்கள் தொற்றின் பக்கமே சுட்டின.

ஆகஸ்ட் 23 அன்று அந்த மருத்துவர் நகரச் சுகாதாரத் துறைக்குத் தொலைபேசியில் சொன்னார். இந்தச் செயலைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அவர் கையில் இருந்தது இரண்டே நோயாளிகள். உறுதியான நோயறிதல் இல்லை. வைரஸ் மூளைக்காய்ச்சல் எந்தக் கோடையிலும் ஆங்காங்கே வரக்கூடியது. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு எந்த வைரஸ் காரணம் என்பதே கடைசிவரை தெரியாமல் போகும். ‘இன்னும் இரண்டு மூன்று பேர் வரட்டும், பிறகு சொல்லலாம்’ என்று அவர் காத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். எது என்று தெரியாது, ஆனால் இது வழக்கமானதல்ல என்ற அளவிலேயே அவர் சொல்லிவிட்டார். மறுமுனையில் இருந்தவர்களும் அதைக் கேட்டுக் குறித்துக்கொண்டு வைத்துவிடவில்லை. அடுத்த சில நாட்களில் அதே பகுதியிலிருந்து மேலும் நோயாளிகள் தெரியவந்தபோது நகரத்தின் நோய்ப்பரவல் ஆய்வாளர்கள் நேரில் சென்றார்கள். ஆறு பேர் கொண்ட ஒரு கொத்து வெளிப்பட்டது. ஆறில் ஐந்து பேருக்குக் கடுமையான தசைத் தளர்ச்சி. நான்கு பேருக்குச் செயற்கைச் சுவாசம் தேவைப்பட்டது.

வீடுகளில் கண்டது

நோயாளிகள் ஒருவருக்கொருவர் அறிமுகமற்றவர்கள். அவர்களுக்குப் பொதுவான விருந்தோ உணவுக்கடையோ பயணமோ கிடைக்கவில்லை. குடும்பத்தாரிடம் விசாரித்தபோது கிடைத்தது மிகச் சாதாரணமான ஒரு பொதுத்தன்மை. அவர்கள் மாலையில் வெளியே இருப்பவர்கள். ஒருவருக்குத் தோட்ட வேலை, இன்னொருவருக்கு வாசலில் அமர்ந்து காற்று வாங்கும் பழக்கம். தொடக்க நோயாளிகளில் எட்டுப் பேர், வடக்குக் குயின்ஸில் நீளத்திலும் அகலத்திலும் இரண்டு மைல் கொண்ட ஒரு சதுரத்துக்குள் வசித்தவர்கள் அல்லது இரவில் அங்கு சென்றுவந்தவர்கள். அவர்களின் பின்கட்டுகளிலும் அக்கம்பக்கத்திலும் கியூலெக்ஸ் கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன.

இந்தக் கட்டத்திலேயே நோய் கொசுவால் வருவது என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தது சரியான முடிவு. ஆய்வகம் எதையும் சொல்வதற்கு முன்பே, வீட்டு வாசல்களில் நின்று கேட்ட கேள்விகளால் அது கிடைத்தது.

செப்டம்பர் 3: விடையும் முடிவும்

நோயாளிகளின் இரத்தமும் தண்டுவட நீரும் மத்திய அரசின் நோய்க்கட்டுப்பாட்டு மையத்துக்கு அனுப்பப்பட்டன. அங்கு செய்த சோதனை வைரஸை நேரடியாகத் தேடுவதல்ல, வைரஸுக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுவது. வட அமெரிக்காவில் கொசுவால் பரவும் மூளைக்காய்ச்சல் வைரஸ்களின் பட்டியல் ஒன்று உண்டு. அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றோடும் நோயாளியின் மாதிரியை வைத்துப் பார்த்தார்கள். செயின்ட் லூயிஸ் மூளைக்காய்ச்சல் வைரஸோடு பொருந்தியது.

பொருந்தியதற்குக் காரணம் இருக்கிறது. செயின்ட் லூயிஸ், வெஸ்ட் நைல், ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஆகிய மூன்றும் ஒரே குடும்பத்தில் ஒரே கிளையைச் சேர்ந்த வைரஸ்கள். ஒன்றுக்கு எதிராக உருவான எதிர்ப்பொருள் மற்றதையும் பற்றிக்கொள்ளும். அண்ணனுக்குச் செய்த சாவி தம்பி வீட்டுப் பூட்டையும் திறப்பதுபோல. வெஸ்ட் நைல் அந்தப் பட்டியலிலேயே இல்லை. இல்லாத ஒன்றோடு ஒப்பிட முடியாது. எனவே இருந்தவற்றில் மிக நெருங்கியது விடையாக வந்தது.

விடை பொருத்தமாகவும் தோன்றியது. செயின்ட் லூயிஸ் மூளைக்காய்ச்சல் முதியவர்களையே கடுமையாகத் தாக்கும், கியூலெக்ஸ் கொசுவால் பரவும், வறண்ட வெப்பக் கோடையில் நகரங்களில் தோன்றும். 1933இல் மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பாதித்து அந்தப் பெயரைப் பெற்றது. நியூயார்க் நகரத்தில் மட்டும் அது கொள்ளைநோயாக வந்ததில்லை.

செப்டம்பர் 3 வெள்ளிக்கிழமை. அமெரிக்கத் தொழிலாளர் தின விடுமுறை தொடங்கவிருந்த மாலை. நகர நிர்வாகம் அன்றே அறிவித்தது, அன்றே கொசுமருந்து அடிக்கத் தொடங்கியது. முதலில் வடக்குக் குயின்ஸிலும் தெற்கு பிராங்ஸிலும், பிறகு படிப்படியாக மற்றப் பகுதிகளிலும். ஹெலிகாப்டர்கள் தாழப் பறந்து மாலத்தியான் என்னும் பூச்சிமருந்தைத் தெளித்தன. தொலைபேசி உதவி மையம் திறக்கப்பட்டது. செப்டம்பர் 28க்குள் அதற்குச் சுமார் 1,30,000 அழைப்புகள் வந்தன. கொசு விரட்டி மருந்து ஏறக்குறைய 3,00,000 குப்பிகள் தீயணைப்பு நிலையங்கள் வழியாக மக்களுக்கு வழங்கப்பட்டன. 7,50,000 துண்டறிக்கைகள் போயின.

வீட்டுக்கு மேலே பூச்சிமருந்து தெளிப்பதை மக்கள் எளிதில் ஏற்கவில்லை. குழந்தைகளைக் குறித்தும் ஆஸ்துமா உள்ளவர்களைக் குறித்தும் அவர்கள் எழுப்பிய அச்சம் நியாயமானது. இருந்தும் அந்த மாலையில் நகர நிர்வாகம் எடுத்த முடிவு சரி என்றே நான் கருதுகிறேன். வாரத்துக்கு வாரம் நோயாளிகள் கூடிக்கொண்டிருந்தார்கள், கொசு என்பது உறுதியாகியிருந்தது. பெயர் தவறானாலும் செயல் தவறாகவில்லை. செயின்ட் லூயிஸுக்கு எந்தக் கொசுவை ஒழிக்க வேண்டுமோ அதே கொசுவைத்தான் வெஸ்ட் நைலுக்கும் ஒழிக்க வேண்டும்.

பெயர் கிடைத்ததும் கேள்வி மூடப்பட்டதுதான் பிழை.

காகங்கள்

இனி ஜூன் மாத இறுதிக்குத் திரும்ப வேண்டும். நோயாளிகள் வருவதற்கு ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு முன்பே குயின்ஸில் ஒரு கால்நடை மருத்துவரிடம் நோயுற்ற பறவைகள் வந்தன. நரம்புக் கோளாற்றின் அறிகுறிகள் அவற்றில் தெரிந்தன. ஜூலை, ஆகஸ்ட் முழுவதும் காகங்கள் இறந்துகொண்டிருந்தன. தள்ளாடி நடக்கும், பறக்க முயன்று விழும், புல்வெளியில் கிடக்கும்.

தினமும் காகத்துக்குச் சோறு வைத்துவிட்டுச் சாப்பிடும் வழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இதன் கனம் புரியும். ஒரு காகம் செத்துக் கிடந்தாலே ஊர்க் காகங்கள் கூடிக் கரையும், தெருவே நின்று பார்க்கும். குயின்ஸ் மக்களும் பார்த்தார்கள். தொலைபேசியில் சொல்லவும் செய்தார்கள். ஆனால் இறந்த காகத்தைப் பற்றிய தகவல் வனவிலங்குத் துறைக்குப் போனது. மயங்கிய மனிதரைப் பற்றிய தகவல் சுகாதாரத் துறைக்குப் போனது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் பொறுப்பு எவருக்கும் தரப்பட்டிருக்கவில்லை.

செப்டம்பர் 3க்குப் பிறகு இந்தப் பிரிவு இன்னும் இறுகியது. செயின்ட் லூயிஸ் வைரஸும் பறவைகளிடையே சுற்றுவதுதான், ஆனால் அது பறவைகளைக் கொல்லாது. அமெரிக்க மண்ணில் அவை அதனோடு நெடுங்காலம் வாழ்ந்து பழகியவை. எனவே ‘மனிதருக்கு வந்தது செயின்ட் லூயிஸ், ஆகவே பறவைகள் சாவது வேறு காரணத்தால்’ என்று முடிவு கட்டப்பட்டது. அதே வாக்கியத்தைத் திருப்பிப் போட்டிருக்கலாம். ‘பறவைகள் சாகின்றன, ஆகவே இது செயின்ட் லூயிஸ் அல்ல.’ கையில் இருந்த உண்மைகள் இரண்டு வாக்கியங்களுக்கும் ஒன்றே. எதை உறுதியானதாகவும் எதை ஐயத்துக்குரியதாகவும் கொண்டோம் என்பதில்தான் வேறுபாடு.

விலங்குக்காட்சி சாலையில்

அந்த வாக்கியத்தைத் திருப்பிப் போட்டவர் பிராங்ஸ் விலங்குக்காட்சி சாலையின் நோய்க்கூறு ஆய்வாளர். ஆகஸ்டிலேயே வளாகத்துக்குள் இறந்து விழும் காட்டுக் காகங்கள் அவரைக் கவலைகொள்ள வைத்திருந்தன. செப்டம்பர் முதல் பத்து நாட்களுக்குள் காட்சி சாலையின் சொந்தப் பறவைகளே இறக்கத் தொடங்கின. சிலி நாட்டுப் பூநாரைகள் இரண்டு, ஒரு நீர்க்காகம், ஆசிய ஃபெசன்ட் வகைப் பறவை ஒன்று. வெண்தலைக் கழுகும் பனி ஆந்தையும் நோய்க்கு ஆளாயின. அறுத்துப் பார்த்தபோது மூளையில் அழற்சியும் இரத்தக் கசிவும், இதயத் தசையில் சேதமும் தெரிந்தன.

அவர் கருவிகளை நம்பும் முன் தன் வளாகத்தைச் சுற்றிப் பார்த்தார். பறவைகளைக் கொத்துக் கொத்தாகக் கொல்லும் நோய்கள் என்று பார்த்தால் முதலில் நினைவுக்கு வருபவை பறவைக் காய்ச்சலும் வெள்ளைக் கழிச்சலும். அவையாக இருந்தால் குழந்தைகள் பகுதியில் இருந்த கோழிகளும் வான்கோழிகளும் முதலில் செத்திருக்கும். அவை நலமாக இருந்தன. அடுத்து, கிழக்கத்தியக் குதிரை மூளைக்காய்ச்சல். அதற்கு ஈமு மிக எளிதில் பலியாகும். காட்சி சாலையின் ஈமுக்களும் நலமாக மேய்ந்துகொண்டிருந்தன. எவை இறந்தன என்பதோடு எவை இறக்கவில்லை என்பதையும் சான்றாக எடுத்துக்கொண்டதுதான் இந்த நிகழ்வு முழுவதிலும் என்னை மிகவும் ஈர்க்கும் சிந்தனை. எந்தச் செலவும் இல்லாமல், எந்த மாதிரியும் அனுப்பாமல், மூன்று பெரிய சந்தேகங்கள் அன்றே விலகின.

மிஞ்சியது, பறவைகளின் மூளையைத் தாக்கும் ஒரு வைரஸ். அதே நகரத்தில் அதே வாரங்களில் மனிதர்களின் மூளையைத் தாக்கும் ஒரு வைரஸும் இருந்தது. இரண்டும் ஒன்றாக இருக்கலாம் என்ற எண்ணத்தை அவர் தொலைபேசியில் பல இடங்களில் சொன்னார். மனித நோயைக் கையாள்பவர்களிடம் அதற்கு உடனே வரவேற்பு கிடைக்கவில்லை. பறவைகளின் திசுக்களை அயோவா மாநிலம் ஏம்ஸில் உள்ள வேளாண் துறையின் தேசியக் கால்நடை ஆய்வகத்துக்கு அனுப்பினார். பிறகு மேரிலாந்தில் உள்ள ராணுவத் தொற்றுநோய் ஆய்வகத்துக்கும் மாதிரிகள் போயின.

பெயர் மாறிய வாரம்

ஏம்ஸ் ஆய்வகத்தில் பறவைத் திசுக்களிலிருந்து வைரஸ் வளர்ந்தது. மின்னணு நுண்ணோக்கியில் பார்த்த வடிவமும் அளவும் பறவைக்கு வழக்கமான நோய்க்கிருமிகளோடு ஒத்துப்போகவில்லை. ராணுவ ஆய்வகம் அது செயின்ட் லூயிஸும் வெஸ்ட் நைலும் அடங்கிய ஃபிளாவி வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்தது என்று கண்டது. வளர்த்தெடுத்த வைரஸ் நோய்க்கட்டுப்பாட்டு மையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அதன் மரபுத் தொடரை வாசித்தார்கள். செப்டம்பர் 23 அன்று விடை வந்தது. வெஸ்ட் நைல் வைரஸுக்கு மிக நெருங்கியது. அதே வாரத்தில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வின் வளாகத்தில், நியூயார்க்கில் இறந்த மனிதர்களின் மூளைத் திசுவை ஆராய்ந்தவர்களும் தனியாக அதே முடிவுக்கு வந்தார்கள். நோயாளிகளின் பழைய மாதிரிகளை வெஸ்ட் நைலோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது அவை செயின்ட் லூயிஸைவிட வலுவாகப் பொருந்தின.

பிறகு முழுமையாக ஆராய்ந்தபோது, 1998இல் இஸ்ரேலில் இறந்த ஒரு பெருவாத்திலிருந்து எடுத்த வைரஸும் நியூயார்க் வைரஸும் ஏறக்குறைய ஒன்றே என்று தெரிந்தது.

பின்னோக்கிப் பார்த்தால், விடையைச் சுட்டும் குறிப்புகள் மூன்று, செப்டம்பர் தொடக்கத்திலேயே இருந்தன. செயின்ட் லூயிஸ் கொல்லாத பறவைகள் சாகின்றன. செயின்ட் லூயிஸில் அரிதான கடும் தசைத் தளர்ச்சி ஆறில் ஐந்து பேருக்கு இருக்கிறது. செயின்ட் லூயிஸ் கொள்ளைநோயாக வந்திராத ஊரில் நோய் தோன்றியிருக்கிறது. தனித்தனியே ஒவ்வொன்றுக்கும் சமாதானம் சொல்லிவிடலாம். மூன்றையும் ஒரே தாளில் எழுதியிருந்தால் சமாதானம் சொல்வது கடினமாகியிருக்கும்.

விளைவு

1999இல் நியூயார்க் நகரத்திலும் அதை ஒட்டிய மாவட்டங்களிலும் 62 பேருக்கு இந்த வைரஸால் மூளை அல்லது மூளையுறை பாதிக்கப்பட்டது உறுதியானது. ஏழு பேர் இறந்தார்கள். மருத்துவமனையில் சேர்ந்த 59 பேரின் வயதை வரிசையாக வைத்தால் நடுவில் நின்றது 71. 75 வயதைக் கடந்தவர்களும் நீரிழிவு உள்ளவர்களும் இறக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. லாங் ஐலண்ட் பகுதியில் 25 குதிரைகள் நோயுற்றன. அவற்றில் ஒன்பது இறந்தன அல்லது வேதனை தாளாமல் கருணைக்கொலை செய்யப்பட்டன.

அக்டோபரில் வடக்குக் குயின்ஸின் வீடுகளுக்குச் சென்று, நோயுறாதவர்களையும் சேர்த்து 677 பேரிடம் இரத்தம் எடுத்தார்கள். அவர்களில் சுமார் 2.6 விழுக்காட்டினருக்குத் தொற்று ஏற்பட்டிருந்தது. அதை வைத்துக் கணக்கிட்டால் அந்தப் பகுதியில் மட்டும் ஏறத்தாழ 8,200 பேருக்குத் தொற்று. பெரும்பாலோர் எதையும் உணரவில்லை. ஐந்தில் ஒருவர் அளவுக்குக் காய்ச்சல் வந்து போனது. சுமார் 140 பேரில் ஒருவருக்கே மூளை வரை சென்றது. அந்த மருத்துவர் தொலைபேசியில் சொன்ன இரண்டு நோயாளிகளுக்குப் பின்னால் அந்த நேரத்தில் எத்தனை நூறு பேர் சத்தமில்லாமல் தொற்றைச் சுமந்துகொண்டிருந்தார்கள் என்பதை இந்த விகிதத்திலிருந்து ஊகிக்கலாம்.

பெயர் தவறியதால் உயிர்கள் போயினவா? கொசு ஒழிப்பு எப்படியும் நடந்துகொண்டிருந்ததால் நேரடியான இழப்பு பெரிதாக இருந்திருக்காது என்று எண்ணுகிறேன். நோய் தொடங்கிய நாட்களின் உச்சம் ஆகஸ்ட் பிற்பகுதியிலேயே வந்துவிட்டது. உண்மையான இழப்பு ஜூன் இறுதிக்கும் ஆகஸ்ட் நடுவுக்கும் இடைப்பட்ட காலத்தில் நேர்ந்தது. காகங்கள் இறந்துகொண்டிருந்த, மனிதர் எவரும் இன்னும் மருத்துவமனைக்கு வராத அந்த வாரங்களில் எச்சரிக்கை கேட்டிருந்தால், வடிகால் தொட்டிகளில் புழுக்கொல்லி போட நேரம் இருந்தது.

அடுத்த ஆண்டுகள்

குளிர்காலத்தில் வைரஸ் அழிந்துவிடும் என்ற நம்பிக்கை நிலைக்கவில்லை. 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் குயின்ஸின் ஃபோர்ட் டாட்டன் கோட்டைக் கட்டடங்களுக்குள் குளிர்காலத்தைக் கழித்துக்கொண்டிருந்த கியூலெக்ஸ் கொசுக்களைப் பிடித்துச் சோதித்தபோது அவற்றில் வைரஸ் இருந்தது.

இதற்குள் நகரம் பாடம் படித்திருந்தது. 2000இல் கொசுப் பொறிகள் வந்தன, வடிகால்களில் கோடைக்கு முன்பே புழுக்கொல்லி போடப்பட்டது, இறந்த பறவைகளைப் பற்றிப் பொதுமக்கள் தெரிவிப்பதற்கு வழி திறக்கப்பட்டது. மனிதர், குதிரை, பறவை, கொசு ஆகிய அனைத்திலும் கிடைக்கும் தகவல்களை நாடு முழுவதிலுமிருந்து ஒரே இடத்தில் திரட்டும் ஆர்போநெட் என்னும் ஏற்பாட்டை நோய்க்கட்டுப்பாட்டு மையம் அந்த ஆண்டு தொடங்கியது. 2000இல் மூன்று மாநிலங்களில் 21 பேர் நோயுற்றார்கள். இருவர் இறந்தார்கள்.

ஆனால் பறவைகளுக்கு எல்லை கிடையாது. 2002இல் அமெரிக்கா முழுவதும் 4,156 நோயாளிகள், 284 இறப்புகள். அந்த ஆண்டே உறுப்பு மாற்று வழியாகவும் இரத்தம் வழியாகவும் வைரஸ் பரவியது உறுதியானது. ஒரே கொடையாளியின் உறுப்புகளைப் பெற்ற நால்வரும் தொற்றுக்கு ஆளாகியிருந்தார்கள். 2003 கோடையில் தானம் பெறும் இரத்தத்தை வைரஸின் மரபுப்பொருளுக்காகச் சோதிப்பது நாடு முழுவதும் தொடங்கியது. குதிரைகளுக்குத் தடுப்பூசி 2001இலேயே வந்துவிட்டது. மனிதருக்கு அனுமதி பெற்ற தடுப்பூசி எதுவும் வரவில்லை. நியூயார்க்கில் காலூன்றிய வைரஸை அந்தக் கண்டத்திலிருந்து எவராலும் வெளியேற்ற முடியவில்லை.

என்ன மாற வேண்டும்

ஆய்வக அறிக்கை எழுதும் முறையிலிருந்து தொடங்குவேன். எதிர்ப்பொருள் சோதனை காட்டியது, ‘இந்தக் கிளையைச் சேர்ந்த ஒரு வைரஸ், நாங்கள் ஒப்பிட்டவற்றுள் செயின்ட் லூயிஸ் மிக நெருக்கம்’ என்பதை மட்டுமே. அது செய்தித்தாளுக்கும் மேயர் அலுவலகத்துக்கும் போய்ச் சேரும்போது ‘செயின்ட் லூயிஸ் மூளைக்காய்ச்சல்’ என்று சுருங்கிவிட்டது. எவற்றோடு ஒப்பிட்டோம், எவற்றோடு ஒப்பிடவில்லை என்ற ஒரு வரி அறிக்கையின் முதல் பக்கத்தில் இருந்திருந்தால், அதைப் படித்த எவராவது புகாரெஸ்டை நினைவுகூர்ந்திருக்கக்கூடும்.

அடுத்தது கால்நடை மருத்துவர்களும் வனவிலங்கு ஆய்வாளர்களும் சுகாதாரத் துறையோடு பேசும் வழி. நல்லெண்ணத்தாலோ தனிப்பட்ட அறிமுகத்தாலோ நடக்கும் பேச்சு போதாது. இந்த நிகழ்வில் ஒருவர் விடாப்பிடியாகத் தொலைபேசியில் அழைத்துக்கொண்டே இருந்ததால் உண்மை வெளிவந்தது. அவர் அந்த வாரம் விடுப்பில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. இறந்த பறவையின் தகவலும் மயங்கிய மனிதரின் தகவலும் ஒரே பதிவேட்டில் ஏற வேண்டும், அதைப் படிப்பது ஒருவரின் அன்றாட வேலையாக இருக்க வேண்டும்.

இது நமக்கு எட்டாத தொலைவில் நடந்த கதையும் அல்ல. இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் முதலில் கண்டறியப்பட்டது 1955இல் வேலூரில். அதன் நெருங்கிய உறவான வெஸ்ட் நைல் வைரஸும் நம் பகுதியில் இருக்கிறது. 2011இல் ஆலப்புழையில் மூளைக்காய்ச்சலுக்கு அது காரணமாக இருந்தது உறுதி செய்யப்பட்டது. 2019இல் மலப்புரம் மாவட்டத்தில் ஒரு சிறுவன் அதனால் இறந்தான். நியூயார்க்கில் செயின்ட் லூயிஸ் எதிர்ப்பொருள் தந்த அதே மயக்கத்தை இங்கே ஜப்பானிய மூளைக்காய்ச்சல் சோதனை தரக்கூடும். இன்னொரு வேறுபாடும் உண்டு. அமெரிக்கக் காகங்கள் இந்த வைரஸை அதற்கு முன் சந்தித்ததே இல்லை. அதனால்தான் அப்படி விழுந்தன. நம் நிலப்பரப்பில் இந்த வைரஸும் பறவைகளும் நெடுங்காலமாகச் சேர்ந்து வாழ்கின்றன. நம் ஊர்க் காகங்கள் நமக்காக விழுந்து எச்சரிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. எனவே ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு வரும் மாதிரிகளில், குறிப்பாக வயதானவர்களுடையவற்றிலும் கைகால் துவண்டவர்களுடையவற்றிலும் ஒரு பகுதியை, இரண்டு வைரஸ்களையும் அருகருகே வைத்து மாதிரியில் உள்ள எதிர்ப்பொருள் எதை வலுவாக முறியடிக்கிறது என்று பார்க்கும் சோதனைக்கு அனுப்புவதை மாவட்ட மருத்துவமனைகள் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.